ரோகிணிக்கு முந்திய நாள்

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஏன் என்று கேட்கிறார்கள். எனக்கு அதுதான் முதலில் விசித்திரமாக இருந்தது. என் மூத்தவள் இனியா பிறந்தபோது பார்க்க வந்த அத்தனை பேரும் என்ன குழந்தை, எத்தனை கிலோ, தையல் பிரிச்சாச்சா என்று கேட்டார்கள். வயிற்றை எதற்காகக் கிழித்தார்கள் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு வருஷம் கழித்து இரண்டாவது உண்டாகி, ஐந்தாம் மாதம் பாலக்காட்டில் டாக்டரிடம் போனேன். அந்த அம்மாள் என் தழும்பைப் பார்த்துவிட்டு, "ஆத்யத்தெ சிசேரியன் எந்தினா செய்தது?" என்றார். முதல் ஆப்பரேசனை எதற்குச் செய்தார்கள் என்று கேட்கிறார். மலையாளம் எனக்குப் புரிந்தது, கேள்விதான் புரியவில்லை. "கொழந்த பொறக்கறதுக்குத்தானுங்க" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வரச் சொன்னார்.

என்னவோ கப்பலேறிப் போனவள் மாதிரி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். நான் தாராபுரத்துப் பக்கமிருந்து, கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதிக்கு வாக்கப்பட்டு வந்தவள், அவ்வளவுதான். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டில் இருக்கலாம். இங்கேயும் வீட்டுக்குள் நம் பேச்சுதான், நம் சாமிதான், அதே கொள்ளுப் பருப்புதான். வாசலைத் தாண்டினால்தான் வேறு நாடு. பஞ்சாயத்துக் காகிதம், ரேஷன் கடை, இனியா போகும் அங்கன்வாடி எல்லாம் மலையாளம். ஐந்து வருஷமாகியும் நான் பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. அந்த எரிச்சலில் எதற்கெடுத்தாலும் "எங்க ஊர்ல" என்று ஆரம்பிப்பேன். எங்க ஊர்ல டாக்டருங்க எப்படிப் பாப்பாங்க தெரியுமா என்பேன். நான் வாயைத் திறந்தாலே இந்த வீட்டில் ஆளாளுக்கு மாட்டைப் பார்க்கவும் மோட்டார் போடவும் கிளம்பிவிடுவார்கள்.

அந்தப் பெருமைக்கு ஒரு கதை இருந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. கட்டுச்சோறு விருந்து முடிந்து என்னை அழைத்துப் போனார்கள். ஒரு நாள் காலை வலி எடுத்தது. பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விட்டு விட்டு வலிக்கிறது, நடக்கிறேன், உட்காருகிறேன், எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் டாக்டர் வந்து, குழந்தைக்கு இதயத்துடிப்பு இறங்குகிறது, உடனே எடுத்தாக வேண்டும் என்றார். அம்மா என் தலையைத் தடவி, "பயப்படாத கண்ணு, நானிருக்கறேன்" என்றார். பொழுதிறங்குவதற்குள் குழந்தை வெளியே வந்துவிட்டது. பிறகு ஒரு மாதம் இருமினால் உயிர் போகும். குழந்தை அழுதால் யாராவது தூக்கிக் கையில் கொடுக்க வேண்டும். போகட்டும், குழந்தை பிழைத்ததே என்று இருந்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டர் என்று அந்த ஆளை நான்கு வருஷம் வாயாரப் புகழ்ந்தேன்.

அந்தச் சீட்டு அம்மா வீட்டில் இருந்தது. என் தம்பிதான் தேடி எடுத்து, போட்டோ பிடித்து அனுப்பினான். அடுத்த முறை டாக்டரிடம் போனைக் கொடுத்தேன். அவர் ஒரு தடவை படித்தார். பெரிதாக்கி மறுபடி படித்தார். "நிங்ஙள் பறஞ்ஞிட்டாணோ சிசேரியன் செய்தது?" என்றார். நீங்கள் கேட்டா செய்தார்கள் என்கிறார். நான் எதற்குக் கேட்கிறேன் என்றேன். அப்போதுதான் இங்கிலீஷில் இருந்ததை அவருக்குத் தெரிந்த தமிழில் வரி வரியாகச் சொன்னார். குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்திருக்கிறது. வலி சரியாக முன்னேறியிருக்கிறது. ஆப்பரேசனுக்குக் காரணம் என்ற இடத்தில், நோயாளியின் விருப்பத்தின் பேரில் என்று எழுதியிருக்கிறது.

நோயாளி நான்தான். விருப்பமும் என்னுடையதாம்.

டாக்டர் தொடர்ந்து பேசினார். எனக்கு அது ஒரு வகையில் நல்ல செய்தி என்றார். இடுப்பு குறுகல், அது இது என்று மறுபடி வரக்கூடிய காரணம் எதுவும் இல்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் கீறியிருக்கிறார்கள். நான்கு வருஷ இடைவெளி இருக்கிறது. ஆகவே இந்த முறை சாதாரணமாகப் பெற்றுக்கொள்ள முயன்று பார்க்கலாம், வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார். எனக்குப் பாதி காதில் ஏறவில்லை.

வெளியே என் வீட்டுக்காரர் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, நான் எப்பங்க ஆப்பரேசன் வேணும்னு கேட்டேன்?" என்றேன். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்னு நெனச்சனே" என்றார்.

"என்ன தெரியும்?"

"அடுத்த நாள் வெடிஞ்சா ரோகிணியாமா. ரோகிணில பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு உங்கம்மா ஒரே அழுவாச்சி. உந்தம்பிக்குக் கல்யாணம் பேசி முடிச்ச நேரம். வலி இழுத்துட்டுப் போயிருமோன்னு பயந்துட்டு, பொழுதெறங்கறதுக்குள்ள எடுத்துருங்கன்னு டாக்டர்கிட்டச் சொன்னாங்க. என்னையக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன்."

இவ்வளவையும், மோட்டார் ரிப்பேரானதைச் சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அவர் மேலேயே வீசியிருப்பேன். ஓ.பி. வரிசை முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன்! நான் அந்த டாக்டரைப் புகழும்போதெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டு ம்ம் கொட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். மறுப்பார், மழுப்புவார் என்று நினைத்தேன். அம்மா அசரவே இல்லை. "ஆமாஞ்சாமி, நாந்தாஞ் சொன்னேன். அதுக்கென்ன இப்ப?" என்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லம்மா?"

"வலில கெடக்கறவகிட்ட என்னத்தக் கேக்கறது? உந்தம்பிக்கு ஒண்ணு ஆயிருந்தா நீ வந்து குடுப்பியா?"

"துடிப்பு எறங்குதுன்னு பொய் சொன்னீங்களே?"

"உண்மையச் சொன்னா நீ கத்திக் கலாட்டாப் பண்ணுவீன்னுதான். இப்பப் பண்றியல்ல?" பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "ரெண்டாவதும் கத்திதான கண்ணு. ஜோசியர்கிட்ட மூணு தேதி வாங்கி வெச்சிருக்கறேன். பேசாம இங்கயே வந்துரு" என்றார்.

மூன்று தேதி! என் வயிற்றில் இருப்பது அப்போது முழுசாக உதைக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. போனை வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகையில் போய் நின்று அழுதேன். என் அம்மா கெட்டவர் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். என்மேல் உயிரையே வைத்திருக்கிறார். அந்த உயிரை வைத்தவர்தான், மகனுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில், மகள் வயிற்றைக் காட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்காரன் அதற்குத் தலையாட்டிவிட்டு, பழியைத் தூக்கி என் பேரில் எழுதிக்கொண்டான். கட்டினவர் கையெழுத்துப் போட்டார். அத்தனை பேரும் கூடி முடிவெடுத்த அந்த அறைக்கு வெளியே, வலியைப் பொறுத்துக்கொண்டு, நன்றாகப் பெற்றுவிடுவோம் என்று ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள் பாருங்கள்.

இங்கே மட்டும் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இங்கேயும் நாள் நட்சத்திரம் பார்த்துத் தேதி கேட்கிறவர்கள் தினமும் தன் முன்னால் வந்து உட்காருகிறார்கள் என்று டாக்டரே சலித்துக்கொண்டார். அடுத்த முறை நான் அவர் மேசையில் கையை ஊன்றி, "நார்மலாவே பெத்துக்கறேன், எழுதிக்கோங்க" என்றேன். அவர் பேனாவைக் கூட எடுக்கவில்லை. "தேஷ்யம் வெச்சு தீருமானிக்கல்லே" என்றார். கோபத்தை வைத்து முடிவெடுக்காதே என்று. பிறகு பொறுமையாகச் சொன்னார். பழைய தழும்பு வலியின்போது பிரிந்துவிட வாய்ப்பு உண்டு. அபூர்வம்தான், ஆனால் பிரிந்தால் நிமிஷக் கணக்கு, குழந்தைக்கும் ஆபத்து எனக்கும் ஆபத்து. வலி எடுத்த நேரத்திலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும், தியேட்டர் தயாராக இருக்க வேண்டும். அதற்காக ஆப்பரேசன் பத்திரம் என்றும் அர்த்தமில்லை, ஒவ்வொரு முறை கீறும்போதும் அடுத்தது சிக்கலாகிறது. இரண்டில் எதுவும் தப்பில்லை என்றார்.

பத்து நாள் யோசித்தேன். எங்கள் வீட்டிலிருந்து பாலக்காட்டுக்கு ஒரு மணி நேரம், வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றால் எத்தனை நேரமோ. இனியாவைக் குளிப்பாட்டும்போது, எனக்கு ஏதாவது ஆனால் இவள் தலையை யார் இப்படித் துவட்டுவார்கள் என்று நினைப்பேன். அம்மாவைப் பழி வாங்கத்தான் இந்த வேலையில் இறங்குகிறேனா? ஆமாம், அதுவும் கொஞ்சம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வடிகட்டிப் பார்த்தாலும், மிச்சமும் அதே பதிலைத்தான் சொன்னது. என் உடம்புக்குத் தெரிந்த வேலையைப் பாதியில் பிடுங்கிவிட்டார்கள். முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஆப்பரேசனே பண்ணிக்கலாமே, எனக்குப் பயமா இருக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"இப்ப வாயத் தொறக்கறீங்களே, அன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்றேன். அவர் பயம் நிஜம்தான். ஆனாலும் நான் இறங்கிவரவில்லை.

டாக்டரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். கீற வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் காரணத்தை முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும், வெளியே நிற்பவர்களிடம் இல்லை. சம்மதப் பத்திரம் மலையாளத்தில் இருந்தது. நர்ஸை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லி, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வலி எடுத்தது. வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் துடிப்பைக் காட்டும் மெஷினை ஓடவிட்டார்கள். வலிக்கும் வலிக்கும் நடுவே நர்ஸ் தழும்பின் மேல் கை வைத்து, "இவிடெ வேதனயுண்டோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முதலில் நல்ல தமிழில் பதில் சொன்னேன், பிறகு கெட்ட தமிழில் சொன்னேன். ஒரு கட்டத்தில் டாக்டர் குனிந்து என் காதருகே, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், தலை இறங்கவில்லையென்றால் தியேட்டர், காரணம் இதுதான் என்றார். சரிங்க என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. கீறினாலும் கீறட்டும், என்னிடம் கேட்டுவிட்டார்கள். கீற வேண்டிய அவசியம் வரவில்லை. சுகப்பிரசவம் என்று பேர், அதில் சுகம் ஒன்றையும் நான் காணவில்லை. கீழே தையல் விழுந்தது. தொண்டை கட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை. ஆனால் குழந்தையை யாரும் தூக்கிக் கொடுக்காமல் நானே எடுத்துப் பால் கொடுத்தேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் என்னைப் பார்த்து வீம்புக்கு இறங்க வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளும் என்னைப்போலவே முயன்று பார்த்து, தழும்பில் வலி வந்து, கடைசியில் ஆப்பரேசன்தான். அவளுக்கு ஏன் என்று தெரியும். எல்லை தாண்டி வந்து வயிற்றில் சுமக்கிற பெண்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது அது மட்டும்தான். உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

மறுநாள் அம்மா பொள்ளாச்சியில் பஸ் மாறி வந்து இறங்கினார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்த கையோடு, "எத்தன மணிக்குச் சாமி பொறந்தா?" என்றார். குழந்தை பிறந்த அன்றைக்குப் பகலில்தான் ஆயில்யம் முடிந்து மகம் பிறந்ததாம். ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது, நாளைக்கு எவளும் மருமகளாக எடுக்க மாட்டாள், மகம் என்றால் கவலையில்லை. நான் சொல்லவில்லை. கெஞ்சினார், திட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் போனார். அவரிடம் நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன்: சும்மா இருக்கறது உங்களுக்குப் பழக்கந்தான, இதுக்கும் சும்மா இருங்க. "எனக்குத் தெரியாதுங்க அத்தை" என்று வராந்தாப் பக்கம் நழுவிவிட்டார். எத்தனை மணி என்று உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. அம்மா இதைப் படிப்பார்.

ஊருக்குத் திரும்பும்போது, மூலையில் மஞ்சள் தடவிய புது நோட்டு ஒன்றை என் பீரோவின் மேல் வைத்துவிட்டுப் போனார். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ராசிக் கட்டம் போட்டிருந்தார். மனசு மாறி என்றைக்காவது நேரம் சொல்வேன் என்ற நம்பிக்கை. இனியாவின் நோட்டு அங்கே, அம்மா வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது, அவள் பிறப்பதற்கு முன்பே கட்டமெல்லாம் நிரப்பியது. போன வாரம் இனியா எப்படியோ தங்கச்சியின் நோட்டை எட்டி எடுத்துவிட்டாள். நான் பார்க்கும்போது தரையில் குப்புறப் படுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அங்கன்வாடியில் சொல்லிக் கொடுத்த மலையாள எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது கட்டம் நிரம்பியிருந்தது. இன்னும் மூன்று கட்டத்துக்கு என்னம்மா எழுதறது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது தமிழ்தான். கையைப் பிடித்து அதையே எழுதவைத்தேன்.