வெடி மாதுவின் துண்டு

திங்கட்கிழமை உச்சிவேளைக்குள் மாதுவின் தலையில் துண்டு ஏறிவிடும். நெற்றியைச் சுற்றி இறுக்கி, இடப்பக்கம் முடிச்சு. செவ்வாய் கொஞ்சம் தளரும். புதன்கிழமை தோளுக்கு இறங்கிவிடும். ஏரியூர்ப் பக்கத்தில் காலண்டர் இல்லாதவர்கள் அவர் தலையைப் பார்த்தே கிழமை தெரிந்துகொள்ளலாம்.

கிணறு வெட்டுகிற இடங்களில் பாறைக்கு வெடி வைப்பது அவர் தொழில். ஜெலட்டின் குச்சியைத் துளையில் செருகித் திரி வைத்துவிட்டு, "வெடி வெச்சாச்சி, ஒதுங்கிக்கோங்க!" என்று மூன்று முறை கத்துவார். மேய்கிற கோழிக்கும் அதே 'ங்க' மரியாதைதான். இருபது வருஷ வெடியில் காது மந்தம். அவர் ரகசியம் பேசினால் தெருவே பதில் சொல்லும். ஞாயிறு லீவு முடிந்து மறுபடி வெடிமருந்தைத் தொட்டதும் மண்டை தெறிக்கும். "மருந்து வாட சார். ரெண்டு நாள்ல பழகிக்கும்" என்பார்.

இந்த 1988-ஆம் வருஷத்தில் அவர் மனைவி பாஞ்சாலிக்குக் குடம் தூக்கினால் நெஞ்சைப் பிசைந்தது. பென்னாகரத்து டாக்டர் தினமும் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார்; விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். மூன்றாம் நாள் பாஞ்சாலி அதைக் கேழ்வரகுப் பானைக்குள் போட்டு மூடிவிட்டார்.

"நெஞ்சு வலின்னு போனா தலவலியக் குடுத்து அனுப்பறாரு உங்க டாக்டரு. நான் போட மாட்டேன்."

மாது பயந்து, பக்கத்து வீட்டு வாத்தியாரான நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "நெத்திப் பொட்டு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா? குனிஞ்சா அதிகமாவுதா?"

"ஆமா."

"அடேங்கப்பா, இது என் வலியாச்சே!"

மறுநாளே டாக்டரிடம் போனோம். நான் போனது மாதுவுக்குக் காதாக. டாக்டர் சிரித்துவிட்டார். வெடிமருந்தும் மாத்திரையும் ஒரே வகையறாவாம். இரண்டுமே ரத்தக் குழாயை இளக்கும், தலைவலி அதனால்தான். குழாயின் உள்தோலே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்று போன வருஷம்தான் கண்டுபிடித்தார்களாம். உள்தோல் நொந்தால் சுரப்பு குறையும், குழாய் இறுகும். அந்தக் குறையை மாத்திரை அதே வாயுவைக் கொடுத்து ஈடுகட்டுகிறது.

வீட்டுக்கு வந்ததும் மாது ஊருக்கே விளக்கினார்: "கொழாய்க்குள்ளாறயே ஒரு வெடிக்காரன் குந்திகிட்டு வழி உட்டுக்கிட்டு இருக்கறான் பாஞ்சாலி. உனுக்கு அவன் அசந்துட்டான். மாத்திர வந்து அவன் வேலயப் பாக்குது."

"என் நெஞ்சு என்ன கெணறா?"

"நாலு நாள் பொறுத்துக்க. பழகிக்கும். இருபது வருசமா பாக்கறவன் சொல்றேன்."

பாஞ்சாலி பிடி கொடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது மாது சாப்பிட வந்திருந்தார். தலையில் துண்டு, முகமெல்லாம் வலி. எதிரே பாஞ்சாலி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "மண்டையப் பொளக்குமே" என்று உட்கார்ந்திருந்தார்.

மாது துண்டை அவிழ்த்து, குறுக்கே சரக்கென்று கிழித்தார்.

"ஐயோ, புதுத் துண்டு!" என்றார் பாஞ்சாலி.

ஒரு பாதியை மனைவியின் நெற்றியில் சுற்றி, இடப்பக்கம் முடிச்சுப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஞ்சாலி என்னைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மீதிப் பாதி மாதுவின் பெரிய தலையைச் சுற்றி வரவில்லை. அதன் இரண்டு முனைகளையும் இடக்கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் களியைப் பிட்டு வாயில் போட்டார்.