குழாயடியில் அத்தை போட்ட நாடகம்

போன வாரம் அத்தை திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளை நாடகத்துக்குக் கேட்டாள். அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் பெண்களை வைத்தே, அவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு நாடகம் போடப் போகிறாளாம். சின்னப் பெண் ஒருத்தி தேவையாம்.

"அவரக் கேட்டுச் சொல்றேன் அத்தை" என்றேன்.

"உங்கம்மா யாரையும் கேக்காமத்தான் வந்தாங்க" என்று சொல்லிவிட்டு, காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து கோபமாக இருக்கிறது. குழந்தைக்குச் சோறு பிசையும்போதும், தலை பின்னும்போதும் கோபம்தான். இதை எழுதுவது சரியா என்றும் தெரியவில்லை. அப்பா இன்னும் இருக்கிறார். அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அப்போது விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பாவின் தங்கையான அத்தை, ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனி ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தவள். கம்பெனி கலைந்ததும் எங்களோடு வந்து தங்கினாள். யாராவது விசாரித்தால், "தங்கச்சிக்குத் தையல் தெரியும்" என்பார் அப்பா. அத்தைக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது.

அவளுக்கு மேடை அலுத்துப் போயிருந்தது. ராஜா ராணி கதையைப் பார்த்தவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறான் என்பாள். எண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில் மல்லாட்டைக் கடலை உடைக்கிற பெண்களோடு உட்கார்ந்து தானும் உடைப்பாள். உடைத்துக்கொண்டே, எது உங்களுக்கு ஆத்திரம் என்று கேட்பாள். அவர்கள் சொல்வதுதான் நாடகம். எழுதிய வசனம் கிடையாது. ஒரே ஒரு சட்டம் மட்டும் உண்டு. யாரும் தன் வேஷத்தைத் தானே போடக் கூடாது. அடிபட்டவள் அடித்தவளாக நடிக்க வேண்டும், அடித்தவள் அடிபட்டவளாக. புடவையைக்கூட மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த முறை ஆத்திரம் எங்கள் தெருக் குழாயைப் பற்றியது. முனிசிபாலிடி எல்லோருக்குமாகப் போட்ட குழாய். ஆனால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சேரியிலிருந்து வரும் பெண்கள் அதைத் தொடக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் யாராவது மனம் வைத்தால் தங்கள் குடத்திலிருந்து ஊற்றுவார்கள். அம்மாவும் அப்படித்தான் ஊற்றுவாள், எட்ட நின்று.

அந்தச் சேரியைச் சேர்ந்த அஞ்சலை, ஊற்றுகிறவளாக நடிக்க ஒப்புக்கொண்டாள். காத்து நிற்கிறவளாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. அத்தை வீடு வீடாகப் போய்க் கேட்டாள். முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள்.

"சேரியிலயே இன்னொருத்தி நிக்கட்டுமே" என்றாள் அம்மா.

"அப்ப அது புகாராப் பூடும், அண்ணி. நாடகமா இருக்காது. இந்தத் தெருவுலேர்ந்து ஒருத்தி நிக்கணும். கடைசியில அவளே போய்க் குழாயத் தெறக்கணும்."

அம்மா வெகுநேரம் கேப்பை மாவைச் சலித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தாழ்வதற்கு முன்பே குழாயடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அலுவலக நண்பர்கள் இழுத்துவந்ததால் அப்பாவும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா தலைவலியோடு வீட்டில் படுத்திருக்கிறாள் என்பது அவர் நினைப்பு. ஓரத்தில் ஒருத்தி கிழிசல் புடவையில் முக்காடு போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் குடத்தோடு நின்றாள். அது யாரென்று எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அஞ்சலை இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்தாள்.

"இன்னாடி ஒட்டிக்கினு வர்ற? தள்ளி வையி கொடத்த! ஒன் நெழலு குழா மேல வுழுது பாரு! எங்க வூட்டுக்காரரு யாரு தெரியுமா? அவரு இல்லன்னா ரயிலே ஓடாது. அவரு காதுல வுழுந்தா பேஜாராயிடும். ஜல்தி நவுரு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பாதான் எல்லோரிலும் உரக்கச் சிரித்தார். "அச்சு அசல் எதிர் வீட்டு ரயில் கார்டு சம்சாரம்!" என்று பக்கத்திலிருந்தவர் தொடையில் தட்டினார். அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகினாள். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். போன தீபாவளிக்கு அப்பாவே போய் எடுத்துவந்தது.

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது எங்க வூட்டுப் பொடவ" என்றார்.

"அப்ப உங்க சம்சாரமா சார் இது!" என்றார் நண்பர். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.

அப்பா எழுந்தார். முக்காட்டுக்காரியின் முன்னால் போய் நின்று பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "வூட்டுக்கு வா" என்றார்.

"உக்காருண்ணா. முடியப் போவுது" என்றாள் அத்தை.

"நீ வாயத் தெறக்காத. அடுத்த வண்டியில கெளம்பிடணும்."

அத்தை அவரை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "அண்ணி, குழா அங்கதான் இருக்கு."

அம்மா குழாயைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தாள். அப்பா அவள் கையைக்கூடப் பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பிடித்து இழுத்திருந்தாலாவது கோபத்தை ஒரே ஆள் மேல் வைத்திருக்கலாம்.

"யாராவது வந்து முடிச்சு வைங்களேன்" என்று அத்தை எங்கள் தெருப் பெண்களைக் கேட்டது வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது. யாரும் போகவில்லை. கார்டு சம்சாரம் இருமினாள்.

சற்று நேரத்தில் அஞ்சலை வந்தாள். தன் புடவைக்கு மாறியிருந்தாள். கையில் அம்மாவின் புடவை மடித்தபடி இருந்தது, இடுப்பில் எங்கள் குடம் தளும்பத் தளும்ப.

"கொடம் அங்கியே நின்னுக்கினு இருந்துச்சும்மா. நானே ரொப்பிக்கினு வந்துட்டேன்" என்று சொல்லி, தள்ளி வைக்காமல், எங்கள் வாசற்படி மேலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனாள். வேஷம் கலைந்த பிறகு, அத்தனை பேர் பார்க்க, அவள் குழாயைத் திறந்திருக்கிறாள். அது எனக்கு உறைக்கவே இல்லை. அம்மாவைப் போலப் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவள் என்ற ஆத்திரம்தான் இருந்தது.

அத்தை டிரங்குப் பெட்டியோடு திண்டிவனத்துக்கு ரயில் ஏறப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தெருக்களில் நாடகம் போட்டுவிட்டாள். அப்பா ஒன்றையும் பார்க்கவில்லை.

அன்று அவர் அம்மாவிடம் நேராகப் பேசாமல் என்னிடம் சொன்னார். "தண்ணிய சாக்கடையில ஊத்தச் சொல்லு. கொடத்தப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லு."

அம்மா குடத்தைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நான் புளியோடு பின்னால் போனேன். அவள் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குந்தி உட்கார்ந்து, குடத்தைச் சாய்த்து, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். மறுபடியும் ஏந்திக் குடித்தாள். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, அப்பாவின் காதில் விழும்படி கரகரவென்று தேய்க்க ஆரம்பித்தாள்.

வெயிலில் நின்றதில் தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுப் பானையில் நல்ல தண்ணீர் இருக்கும்போது இதைப் போய்க் குடிக்கிறாளே என்று எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.