நாலாம் லேனுக்குப் பின்னால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. அமாவாசைக்கு எங்கள் தெருவே வேன் பிடித்து மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பும்போது கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவள் நான். அதனால் இதைக் கேட்டுவிட்டு இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

என் தங்கை சுகந்தி ஓட்டக்காரி. விழுப்புரத்தில் ஒரு மைதானத்தில் தினமும் காலையில் பயிற்சி, துணைக்கு நான் போவேன். துணை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. ஓட்டம் தொடங்கும்போது காலை ஊன்றி உதைத்துக் கிளம்புவதற்கு ஸ்டார்டிங் பிளாக் என்று ஒன்று உண்டு. எங்களிடம் இருந்தது ஆணியெல்லாம் தொலைந்துபோன பழசு, மண் தரையில் பின்னால் நழுவிக்கொண்டு போகும். அதனால் நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பின்னால் நின்று இரண்டு பாதத்தையும் முட்டுக் கொடுப்பேன். அவள் உதைக்கிற உதை என் முழங்கால் வரைக்கும் ஏறும். ஆறு வருஷம் இதுதான் என் வேலை, எனக்கு மட்டும் யாரும் மெடல் கொடுக்கவில்லை.

நான் போகமுடியாத ஒரு போட்டியில் பிளாக் நழுவி அவள் குப்புற விழுந்தாள், முன்பல் உடைந்தது. அதற்கப்புறம் நான் பின்னால் இருந்தால்தான் ஓட்டம் என்று ஆகிவிட்டது. தேசியப் போட்டியில் வாலண்டியர்களே ஆணி அடித்து பிளாக்கைப் பொருத்திக் கொடுத்தார்கள், அப்படியும் நான் வேலிக்கு வெளியே அவளுக்கு நேர் பின்னால் நிற்கவேண்டியிருந்தது. அப்படிப்பட்டவளை வெளிநாட்டில் நடந்த சர்வதேச உள்ளரங்கப் போட்டிக்கு, பெண்கள் அறுபது மீட்டருக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். போட்டியன்று காலையில் போன் செய்தாள்.

"அக்கா, இங்க பின்னால யாரும் நிக்கக்கூடாதாம். இங்கயும் வுழுந்தன்னா இதோட ஓடுறதயே வுட்டுடுவேன், சொல்லிட்டேன்."

"வுழ மாட்ட. நான் இங்க இருந்தே நின்னுக்கினு இருக்கேன், நீ ஜல்தியா ஓடி முடி."

சும்மா தைரியத்துக்குச் சொன்னதுதான்.

நான் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு அவளுடைய தகுதிச் சுற்று. போனில் நேரலை வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆவது ஆகட்டும் என்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைக்கு வந்த ஒருவருக்குக் குடும்ப அட்டையை நகலெடுத்துக் கொடுத்தேன். அவர் போய் ஒரு நிமிஷம் இருக்கும். நம்பினால் நம்புங்கள், இரண்டு பாதத்திலும் ஓங்கி ஒரு உதை, அடுத்த நொடியே இடது பாதத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாக. ஆறு வருஷம் வாங்கியவளுக்கு அது யாருடைய உதை என்று தெரியாதா? அப்படியே பின்னால் போய் பேப்பர் கட்டுகளின் மேல் விழுந்தேன்.

கடை ஓனர் ஓடிவந்து மெயினை அணைத்தார். "இன்னாம்மா, ஷாக் அடிச்சிடுச்சா?"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மிஷினைப் பிரித்துப் பார்த்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. என் பாதம் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அரைமணி நேரத்தில் சுகந்தியின் போன் வந்தது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"அக்கா, ஃபைனல் போய்ட்டேன். ஆனா ஒன்னு சொல்றேன், பயந்துடாத."

விஷயம் இதுதான். அங்கே அவரவர் பிளாக்கை அவரவரே பொருத்திக்கொள்ள வேண்டும். அடியில் இருக்கும் முட்கள் தரையில் பதிகிற மாதிரி காலால் ஏறி மிதிக்க வேண்டும். எப்போதும் யாராவது பிடித்தே பழகியவளுக்கு அது தெரியவில்லை, மணைப்பலகையை வைப்பதுபோலத் தரையில் வைத்துவிட்டு ஓடத் தயாராகிவிட்டாள். ஓடி முடித்தபிறகு அங்கே வேலை செய்த பெண் மற்ற பிளாக்குகளையெல்லாம் இழுத்துப் பிடுங்கினாளாம், இவளுடையது மட்டும் ஒற்றைக் கையில் வந்துவிட்டதாம். அந்தப் பெண் திகைத்துப்போய் அதை மறுபடி கீழே வைத்து லேசாகத் தள்ளினாளாம், வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டதாம்.

"ஒதச்சப்ப கல்லு மாதிரி நின்னுச்சுக்கா. நீ புடிச்சா எப்டி நிக்குமோ அப்டி."

மறுநாள் இறுதிச் சுற்றுக்கு அவளே நன்றாக மிதித்துப் பொருத்தினாள். ஆறாவதாக வந்தாள். என் காலில் அன்றைக்கு ஒன்றும் படவில்லை. அதிலிருந்து பின்னால் ஆள் வேண்டும் என்று அவள் கேட்பதே இல்லை. தகுதிச் சுற்றில் விழுந்திருந்தால் அவள் மறுபடி எழுந்திருக்கமாட்டாள், அதை நினைத்து நினைத்து, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் கடை மூலையில் நின்று அழுதிருக்கிறேன்.

அவளோடு போயிருந்த கோச் மேடம் கேலரியிலிருந்து எடுத்த தகுதிச் சுற்று வீடியோ எங்களிடம் இருக்கிறது. ஓட்டம் தொடங்குவதற்கு முன் சிவப்புக் கோட்டு போட்ட ஒரு நடுவர் அம்மா வரிசையாக எல்லோரையும் சரிபார்த்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து போகிறார். மற்றவர்கள் ஓடும் லேன்களைத் தாண்டும்போது நேராகத்தான் போகிறார். சுகந்தியின் நாலாம் லேனுக்குப் பின்னால் வந்ததும் நின்று, உடம்பை ஒருக்களித்து, கூட்டமான பஸ்ஸில் நிற்கிறவரைத் தாண்டிப் போவதுபோல ஒதுங்கிப் போகிறார். அங்கே யாரும் இல்லை. எனக்கு உதை விழுந்ததற்கு ஒரு நிமிஷம் முன்னால் நடந்தது அது, அப்போது நான் குடும்ப அட்டை நகலை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன், சத்தியமாக என் நினைப்பு சுகந்தியிடம் இல்லை. அதனால் உதை வாங்கியது என் காலாக இருந்தாலும் அங்கே நின்றது நான் இல்லை. யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.