எஸ்தரின் திருமணத்துக்கு ஜெபராஜ் கட்டிய மெட்டு

சென்ற வாரம் தேனியில் பல் மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்தேன். கடைவாய்ப் பல்லொன்று என்னிடமிருந்து விடைபெறும் நிலையில் இருந்தது. கிராம்பெண்ணெய் மணம், சுவரில் பற்களின் பெரிய படம், கூரையோரத்துப் பெட்டியிலிருந்து மெல்லிய இசை. மூன்றாவது பாடல் தொடங்கியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல், நழுவிச் சென்று சேரும் அந்த ஒலியை நான் அறிவேன். வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணிடம், "இஃது என்ன இசை, அம்மா?" என்று கேட்டேன்.

"பல்லு புடுங்க வர்றவுக பயப்படக் கூடாதுன்னு டாக்டர் போடச் சொன்னாக சார். பேரெல்லாம் தெரியாது. சத்தத்தக் கொறைக்கணுமா?"

வேண்டாம் என்றேன்.

அக்கருவியின் பெயர் பெடல் ஸ்டீல் கிட்டார். அதைக் கேட்கும் பிறருக்குக் கடற்கரையோ புல்வெளியோ நினைவுக்கு வரலாம். எனக்கு வருவது மசகெண்ணெய் வாடை. பணியில் சேர்ந்த புதிதில் தேனியில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் குடியிருந்தேன். நான் தமிழாசிரியனாக இருந்த பள்ளி சின்னமனூரில். அங்கேயே தங்கியிருக்கலாம், தேனியில்தான் நல்ல நூலகம் உண்டு என்று எல்லாரிடமும் சொன்னேன். திரையரங்குகளும் தேனியில்தான் மிகுதி என்பதைச் சொல்லவில்லை.

கடைக்கு உரியவர் ஒரு பெரியவர், கிறித்தவர். அவருடைய மகன் ஜெபராஜ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மகள் எஸ்தர் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கீழே மண்வெட்டி, கடப்பாரை, பம்பு உதிரிப்பாகங்கள். மேலே என் அறை. அதற்கு அடுத்த அறையில் அந்தக் கருவி. மேகமலைத் தோட்டமொன்றில் மேலாளராக இருந்த வெளிநாட்டவர் ஒருவர், நாடு திரும்பும்போது அதையும் சில இசைத்தட்டுகளையும் ஜெபராஜிடம் விட்டுச் சென்றிருந்தார்.

கிட்டார் என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் கற்பனை செய்யும் உருவம் அதற்கு இல்லை. நான்கு கால்களின் மேல் ஒரு நீண்ட பலகை, அதன் மேல் பத்துக் கம்பிகள், அடியில் மூன்று மிதிகட்டைகள், முழங்காலால் தள்ளுவதற்கு இரண்டு நெம்புகோல்கள். இடக்கையில் உருளையான இரும்புத் துண்டொன்றைப் பிடித்துக் கம்பிகளின்மேல் நகர்த்தவேண்டும். மிதித்தால் ஒரு கம்பியின் சுரம் மட்டும் ஏறும்; மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருமுறை மிதிகட்டையின் இணைப்புக் கம்பி முறிந்தபோது ஜெபராஜ் சைக்கிள் சக்கரத்துக் கம்பியைக் கழற்றிப் பொருத்தினார். அது பழையதைவிட நன்றாகவே உழைத்தது. கடைத்தெருவில் அதற்குத் தையல் மிஷின் என்று பெயர். "என்ன ஜெபராஜு, இன்னைக்கு எத்தன சட்ட தச்ச?" என்று எதிர்க்கடைக்காரர் நாள் தவறாமல் கேட்பார்.

தனித்தமிழ்ப் பற்று தலைக்கேறியிருந்த நான், அதற்கு 'மிதிநரம்பியாழ்' என்று பெயர் சூட்டினேன். ஜெபராஜ் பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டார். "நல்லாருக்கு சார். ஆனா நீங்க அதச் சொல்லி முடிக்கங்குள்ள நான் ரெண்டு பாட்டு வாசிச்சிருவேன்."

அவர் வாசிக்காத வகை இல்லை. ஞாயிறு காலையில் ஆலயத்தில் கீர்த்தனை. சனிக்கிழமைகளில் போடி மெல்லிசைக் குழுவோடு திரைப்பாடல். வீட்டில், அந்த மேலாளர் விட்டுச் சென்ற தட்டுகளில் இருந்த தீவு நாட்டுப் பாடல்களும், மாடு மேய்ப்போரின் ஏக்கப் பாடல்களும். ஏலக்காய் வாங்கவரும் மலையாளிகள் கேட்டால் அவர்கள் ஊர்ப் பாட்டு. ஒரு சித்திரையில் வீரபாண்டித் திருவிழா மேடையில் அவர் வாசித்தபோது, நாதசுரக் கலைஞர் ஒருவர் மேடைமேல் ஏறி, குனிந்து மிதிகட்டைகளைப் பார்த்தார். "ஏப்பா, இது எங்க நாயனத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பியில்ல! ஊதாம எப்படிப்பா இப்படி இழுக்குது?" என்றார்.

அவ்வியப்பை நான் பலநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. எந்த நாட்டுப் பாட்டுக்கும் இக்கருவி ஒத்துப்போவது ஏன்? சுரங்கள் ஊருக்கு ஊர் வேறுபடலாம். ஒரு சுரத்தை விட்டு இன்னொன்றைச் சேரும் வழியில் எந்த ஊர்க்காரரின் தொண்டையும் ஒன்றுபோலத்தான் குழைகிறது. அக்கருவி வாழ்வது அந்த வழியில். இதை அக்காலத்தில் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் பின்வரும் கதை.

எஸ்தருக்குத் திருமணம் உறுதியாயிற்று. மணமகள் ஆலய வாசலிலிருந்து பீடம்வரை நடந்துவரும் நேரத்துக்கென்று ஜெபராஜ் தாமே ஒரு மெட்டுக் கட்டினார். ஒரு மாதம் முழுவதும் அடுத்த அறையில் அதைக் கேட்டுக்கொண்டு நான் விடைத்தாள் திருத்தினேன். எஸ்தர் கூடத்தில் அதற்கேற்ப நடந்து பார்ப்பாள். "அண்ணே, இம்புட்டு மெதுவா வாசிச்சா மாப்பிள்ள தூங்கிருவாரு" என்பாள். "நீ ஓடிப்போயி நிக்க வேணாம்டி. ஊரே பாக்கணும், மெதுவா வா" என்பார் அவர்.

ஒருநாள் முற்பகலில், ஆலயத்துக்கென வாங்கிய புதிய ஒலிபெருக்கியைச் சன்னலோரம் வைத்து அந்த மெட்டை வாசித்துப் பார்த்தார். எங்கள் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் இறப்பு நேர்ந்தால், உடல் கடந்து போகும்வரை எல்லாக் கடைகளும் கதவைப் பாதி இறக்கி வைக்கும். அதற்கு யாரும் அறிவிப்பதில்லை. ஒருவர் இறக்கினால் அடுத்தவர் இறக்குவார். எதிர்க்கடைக்காரர் அந்த இசையைக் கேட்டார். மாடியை நிமிர்ந்து பார்த்தார். கதவைப் பாதி இறக்கினார். அவரைப் பார்த்துப் பாத்திரக் கடை. பத்தே நிமிடத்தில் தெரு முழுவதும். கீழே கல்லாவில் அமர்ந்திருந்த பெரியவரும் எழுந்து தம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து, "யாருப்பா போனது?" என்று கேட்டார்.

பூக்கடைக்காரர் மாலையோடு எதிரே வந்துகொண்டிருந்தார். பெரியவரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்கதேன்னு சொன்னாக."

தெரு சிரித்தது; பெரியவரும் சிரித்தார். மாலையை வாங்கிக் கடைத் தராசின்மேல் போட்டார். ஆனால் அச்சிரிப்பு ஆலயக் குழுவரை சென்றபோது சிரிப்பாக இல்லை. சாவென்று ஊரே நினைத்த இசையில் மணப்பெண்ணை அழைத்து வருவதா என்று கேட்டார்கள். அடுத்த ஞாயிறு வழிபாடு முடிந்ததும் ஐவர் கூடி முடிவு செய்வதென்றும், பொதுமனிதராகப் படித்த ஒருவரின் கருத்தைக் கேட்பதென்றும் தீர்மானித்தார்கள். அந்தப் படித்தவன் நான்.

ஒரு வாரம் உழைத்தேன். பண்களின் வரலாறு, நெய்தல் நிலத்தின் இரங்கல், அதற்குரிய விளரிப் பண், நரம்புக் கருவிகளின் தொன்மை என்று பதினொரு பக்கம் எழுதி எடுத்துச் சென்றேன். இக்கருவி இழிந்ததன்று என்று நிறுவுவதே என் நோக்கம். "மனிதத் துயரத்துக்கு இத்துணை அணுக்கமாக நிற்கும் கருவி வேறொன்று இல்லை. அழுகின்றவரின் குரலே இதன் குரல்" என்று முடித்தேன். கைதட்டினார்கள். வென்றுவிட்டதாக நினைத்தேன்.

குழுச் செயலர் மிளகு வணிகர், நல்ல மனிதர். "அருமையாச் சொன்னீக சார். எங்க மனசுல இருந்தத எங்களுக்குச் சொல்லத் தெரியல. அழுகைக்குன்னு ஆன கருவின்னு நீங்களே சொல்லிட்டீக" என்றார்.

"அப்படியன்று. நான் கூற வந்தது..."

"இருக்கட்டும் சார். படிச்சவுக சொன்னா சரியாத்தேன் இருக்கும்."

பெரிய வெள்ளிக்கும் அடக்க ஆராதனைக்கும் வாசிக்கலாம். திருமணத்துக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. வெளியே வேப்பமரத்தடியில் அண்ணனும் தங்கையும் நின்றிருந்தார்கள். ஜெபராஜ், "நல்லாப் பேசுனீக சார். இங்கன வரைக்கும் கேட்டுச்சு" என்றார். அவர் குரலில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எஸ்தரின் குரலில் ஐயத்துக்கு இடமில்லை.

"பேசுனதெல்லாம் இருக்கட்டும். கல்யாணத்துக்கும் வாசிக்கலாம்னு ஒரு வார்த்த சொன்னீகளா சார்?"

பதினொரு பக்கத்தில் அந்த ஒரு தொடர் இல்லை.

திருமணத்தன்று ஆர்மோனியம் வாசித்தார்கள். எஸ்தர் நடந்து வந்தாள்; ஒத்திகை பார்த்ததைவிட விரைவாக. முன்வரிசையில் ஜெபராஜ் கைகளை முழங்கால்மேல் வைத்து அமர்ந்திருந்தார். பின்வரிசையிலிருந்து எனக்கு அவருடைய வெறுங்கால்கள் மட்டும் தெரிந்தன. இடக்காலின் முன்பாதம் சிமெந்துத் தரையை அழுத்தியது, விட்டது, மீண்டும் அழுத்தியது. தங்கை பீடத்தை அடைந்தபின்னும் அக்கால் சிறிது நேரம் நிற்கவில்லை. அவர் கட்டிய மெட்டு ஆர்மோனியத்தைவிட மெதுவானது.

அதற்குப் பின் அடக்கங்களுக்கு அழைப்பு வந்தது. கைவலி என்று சொல்லி அவர் போகவில்லை. மெல்லிசைக் குழுவையும் விட்டுவிட்டார். ஓரிரு ஆண்டில், பம்பு வாங்க மலையிறங்கி வந்துபோகும் கேரளத்துக் கட்டப்பனைக்காரர் ஒருவர், தங்கள் ஊர்க் கல்யாணக் குழுவுக்கு வேண்டுமென்று கேட்க, கருவியைக் கொடுத்தனுப்பினார். "அங்கன கல்யாணத்துக்கு வாசிப்பாகளாம் சார். உங்க தமிழ் அவுகளுக்குத் தெரியாதுல்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அதற்குமேல் அவர் என்னைக் குறை கூறியதில்லை. கட்டப்பனைக் குழு பின்னர் கலைந்துபோயிற்று. கருவி எங்கே போனதென்று தெரியவில்லை. ஜெபராஜும் இன்று இல்லை. ஐவர் குழுவில் ஒருவரும் இல்லை. அந்த மாடி இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை.

பல்லைப் பிடுங்கிவிட்டு வந்த அன்று மாலை, கன்னத்தில் பஞ்சோடு எஸ்தரிடம் தொலைபேசியில் பேசினேன். கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அனுப்பத் தவறுவதில்லை.

"சார், வாய்க்குள்ள என்னத்த வச்சுக்கிட்டுப் பேசுறீக?" என்று சிரித்தார். மருத்துவமனையில் கேட்ட இசையைச் சொன்னேன். அவருடைய அண்ணன் கட்டிய மெட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

எஸ்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மெல்ல முனகத் தொடங்கினார். இரண்டு அடி சென்றபின் அது நானும் அறிந்த கீர்த்தனையாக மாறிவிட்டது. "இல்ல சார், இது ஞாயித்துக்கெழமப் பாட்டு" என்று நிறுத்தினார். பஞ்சோடு நானும் முயன்றேன். எனக்கு வந்தது பகலில் மருத்துவமனையில் கேட்டது.

"ஒரு மாசம் கூடத்துல நடந்தேன் சார். ஒண்ணுமே வரமாட்டேங்குது" என்றார் எஸ்தர். "அன்னைக்கு ஒரு தடவ கோயில்ல வாசிச்சிருந்தா மறந்திருக்காது."

ஒலிநாடாவில் யாரும் பதியவில்லை. சுரப்படுத்தி எழுதிவைக்கும் பழக்கம் ஜெபராஜுக்கு இல்லை. எழுதிவைக்கும் பழக்கம் உடையவன் நான் ஒருவன்தான். பதினொரு பக்கமும் என் அலமாரியில் இருக்கின்றன. ஓர் ஒற்றுப்பிழையும் இல்லை.