அணைக்கக் கூடாத வண்டி

என் காரை எண்பது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாக ஓட்டுகிறேன். பத்தடி நகர்த்தி நிறுத்தச் சொன்னால் மட்டும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தேங்காய் லாரி வருகிறது, கொஞ்சம் தள்ளிப் போடு என்று அப்பா சொன்னாலும் அதே கோபம்தான். லாரியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள் என்பேன்.

அது ஜப்பானில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக இருக்கும். மற்ற கார்களின் எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும். இதிலோ முக்கோணமான இரும்பு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ரோட்டரி எஞ்சின் என்பார்கள். நல்ல கிரைண்டரில் மாவு ஓடுவதுபோல வழுவழுவென்று ஆரம்பித்து, வேகம் ஏற ஏறக் குரல் உயர்ந்துகொண்டே போகும். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன். வேறு நியாயமான காரணம் எதுவும் கிடையாது.

அதற்கு ஒரு குணக்கேடு உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பினால் பெட்ரோலை மடமடவென்று குடிக்கும். சூடாவதற்குள் அணைத்துவிட்டால், குடித்தது எரியாமல் உள்ளேயே தேங்கிப் பிளக்குகளை நனைத்துவிடும். அடுத்த தடவை சாவியைத் திருகினால் கர்ர் கர்ர் என்று சுற்றுமே தவிர, பிடிக்காது. மெக்கானிக்குகள் ஓவர்ஃப்ளோ என்பார்கள். அம்மா ‘முழுகிப் போச்சு’ என்பாள். ஆகவே, கிளப்பினால் சூடாகும்வரை அணைக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். கொச்சியில் இதை எனக்கு விற்றவர் மலையாளத்தில் மூன்று முறை சொன்னார். துணிக்கடையில் ‘தனியாகத் துவையுங்கள்’ என்று சொல்வதைக் கேட்பதுபோல நானும் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊரான வடகரப்பதிக்கு வண்டி வந்த முதல் வாரமே, கழுவுவதற்காக ஷெட்டிலிருந்து குழாயடி வரைக்கும் ஓட்டி அணைத்தேன். முழுகிப் போனது. அன்றுதான் சட்டம் மண்டையில் ஏறியது. அதற்குப் பிறகு வண்டியைக் கிளப்பினால் சந்தை கூடுகிற வேலந்தாவளம் வரை போய்த்தான் திரும்புவது என்று வைத்துக்கொண்டேன். போவதற்குள் சூடாகிவிடும், அங்கே ஒரு டீ, திரும்பி வந்து தைரியமாக அணைக்கலாம்.

எங்கள் ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? பத்தே நாளில் பிடித்துக்கொண்டார்கள். வண்டிச் சத்தம் கேட்டதுமே பையோடு சாலைக்கு வந்து நிற்பார்கள். எப்படியும் போகப்போகிற வண்டிதானே என்று உரிமையாக ஏறுவார்கள். சந்தைக்குப் போகும் புடலங்காய் ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை பின் சீட்டில் சேவல் ஒன்று வந்தது, ஏறியது முதல் இறங்கும்வரை என் காதருகே கூவிக்கொண்டே. “இதுக்கு ஒரு மினி பஸ்சே வாங்கியிருக்கலாமே கண்ணு” என்று அம்மா கேட்டாள். அவளுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. அப்பாவுக்கு மட்டும் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் எண்ணெய் பார்க்க பானெட்டைத் திறந்தால் எங்கிருந்தாலும் வந்து நிற்பார்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள். மீனாட்சிபுரம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். பெண்ணுக்குக் கிருஷி பவனில், அதாவது அரசாங்க விவசாய ஆபீசில், வேலை. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பெண் என்னைவிட உயரம் என்று அவளுக்குச் சந்தேகம். சந்தேகமென்ன, உயரம்தான். சும்மா பார்த்துவிட்டு வரலாம், அங்கே யாரும் கை நனைக்கக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே. பெண் வீட்டில் பலகாரம், காபியோடு எழுந்துவிட வேண்டும். இலை போட்டுச் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாற்றிப் பேசினால் மரியாதையில்லை.

எங்கள் குலதெய்வக் கோயிலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. முதலில் பூஜை, பிறகு பெண் வீடு என்று ஏற்பாடு. அம்மா விரதம். விடிகாலையில் போய்ப் பொங்கல் வைத்து, அபிஷேகம் முடியும்வரை வண்டி புளியமரத்து நிழலில் நின்று நன்றாக ஆறிப்போய்விட்டது. பெண் வீடு கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். நடந்து போகலாம் என்று கெஞ்சினேன். பட்டுச் சேலையோடு புழுதியில் நடக்க அம்மா தயாராக இல்லை. சுற்றிப் போய்ச் சூடாக்கிக்கொண்டு வரலாமென்றால் நல்ல நேரம் முடிகிற சமயம். சரி, வாசலில் இவர்களை இறக்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

வாசலில் ஒரு கூட்டமே வரவேற்க நின்றது. பெண்ணின் அப்பா, என் அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பின் சீட்டில் மடங்கிக் கிடந்த என் அப்பாவை வெளியே எடுப்பது தனி வேலை. இந்த வண்டியின் பின் கதவு தலைகீழாகத் திறக்கும். எஞ்சினை ஓடவிட்டபடி இறங்கிப் போய் அவரை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பெண்ணின் பெரியப்பா, வெள்ளை வேட்டியும் வெள்ளை மீசையுமாக ஒரு பெரிய மனிதர், ஜன்னல் வழியாகக் கை விட்டுச் சாவியைத் திருகி அணைத்துவிட்டார். சாவியை என் சட்டைப் பையில் போட்டு, அதைத் தட்டிக்கொடுத்தும் விட்டார்.

“பெட்ரோல் வீணாப் போகுதுங்க தம்பி. உள்ள வாங்க.”

கோபத்தைக் காட்டவே முடியாத இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது பெண் வீட்டு வாசல். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

உள்ளே பஜ்ஜி வந்தது. எனக்கு இறங்கவில்லை. கண் ஜன்னலுக்கு வெளியே வண்டியிலேயே இருந்தது. பெண் காபித் தட்டோடு வந்து குனிந்து நீட்டியபோதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தாழ்ந்த குரலில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “வண்டிய ஆரும் தூக்கீட்டுப் போக மாட்டாங்கங்க” என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பை உதட்டுக்குள் மடக்கி வைத்திருந்தாள். அந்த நிமிடம் எனக்கு வண்டி மறந்து போனது. கட்டினால் இவளைத்தான் என்று தோன்றியது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்துவிட்டாள்.

“ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறமுங்க” என்றாள்.

இந்த வாக்கியத்துக்கு எங்கள் பக்கத்தில் பாதி அர்த்தம் ‘வேண்டாம்’ என்பது. பெண்ணின் அப்பா முகம் வாடியது. வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினேன். கர்ர் கர்ர். முழுகிப் போயிருந்தது.

அப்பா யோசனை சொன்னார்: வண்டி இங்கேயே இருக்கட்டும், டாக்சி பிடித்துப் போய்விட்டு நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். அம்மா அவரைத் தனியாக இழுத்துப்போய், பொருளை விட்டுவிட்டுப் போனால் மறுபடி இந்த வாசலுக்கு வர வேண்டும், மறுபடி வந்தால் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள் என்றாள். ஆக, சாப்பிட்டாலும் சம்மதம், விட்டுப்போனாலும் சம்மதம். வண்டியைக் கிளப்பி ஓட்டிக்கொண்டு போனால்தான் மறுக்க முடியும். அதைக் கிளப்பும் வேலை, மறுக்கவே விரும்பாத என் தலையில் விழுந்தது.

வைத்தியம் எனக்கு மனப்பாடம். பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துச் சுற்றவிட வேண்டும். சுற்றினேன். பேட்டரி இறங்கிப் போனது. அடுத்தது பிளக்குகளைக் கழற்றிக் காயவைப்பது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியை ஜாக்கியில் தூக்கி, பெண் வீட்டுச் சாக்கை விரித்து அடியில் படுத்தேன். மாப்பிள்ளையின் கால்கள் மட்டும் தெரிகிற அந்தக் காட்சியைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். பெரியப்பா என் கால்மாட்டில் குந்திக்கொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய வருத்தத்தைக் கேட்டுக் கேட்டு என் கோபம் போன இடம் தெரியவில்லை.

கழற்றிய பிளக்குகளை வெளியே நீட்டினேன். வாங்கிய கை வளையல் போட்டிருந்தது.

“இத என்னங்க பண்ணோணும்?” என்றாள்.

அடுப்பில் காட்டிச் சூடாக்க வேண்டும் என்றேன். போனாள். கொஞ்ச நேரத்தில் காபி கொண்டுவந்த அதே எவர்சில்வர் தட்டில் நான்கு பிளக்குகளையும் வரிசையாக வைத்து, சுடுமென்று பக்கத்தில் ஒரு கரித்துணியும் மடித்து வைத்துக் கொண்டுவந்தாள். கன்னத்தில் கரி. வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். அம்மா வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு பிடி பொங்கல்தான் அவள் வயிற்றில். சமையலறையிலிருந்து முருங்கைக்காய் சாம்பார் வாசனை வேறு. பெண்ணின் அம்மா இரண்டு தடவை வந்து சாப்பிடக் கூப்பிட்டார். வேண்டாமுங்க, பசியில்லை என்று அம்மா இரண்டு தடவையும் சொன்னாள்.

பிளக்குகளையும் ஃப்யூஸையும் நான் மாட்டி முடித்ததும், பெரியப்பா தன் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துச் சாவியைத் திருகினேன். இருமியது. திக்கியது. பிறகு பிடித்தது பாருங்கள், வாசல் முழுவதும் வெள்ளைப் புகை. கோழிகள் வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடின. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பெரியப்பா கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இனி எதையும் தொடுவதில்லை என்பதுபோலத் தள்ளிப் போய் நின்றார்.

இப்போது சூடாகும்வரை ஓட்டியாக வேண்டும் என்று நான் எல்லோருக்கும் விளக்கினேன். ஒரு சுற்றுப் போய்வந்து அம்மா அப்பாவை ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கதை முடிந்தது என்பது எனக்கும் தெரியும்.

பெண் தன் அப்பாவைப் பார்த்தாள்.

“ரண்டு பேரும் தனியாப் பேசோணும்னு சொன்னீங்கல்லங்கப்பா. ரூம்புக்குள்ள உக்காந்து பேசறதுக்கு வண்டியிலயே பேசிக்கறனுங்க.”

அவர் என் அப்பாவைப் பார்த்தார். என் அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை, பார்க்காமலேயே தலையாட்டிவிட்டார். அந்த ஒரு தலையாட்டலுக்காக அவருக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவன். அவள் தலையைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

கோவிந்தாபுரம் போகிற சாலையில், இரண்டு பக்கமும் மாந்தோப்பு. எஞ்சின் மெல்ல மெல்லத் தன் குரலுக்கு வந்தது. சூடு காட்டும் முள் நடுவுக்கு ஏறி நின்றதும், இனி இஷ்டம்போல மிதிக்கலாம் என்று மிதித்தேன். சத்தம் உச்சத்துக்குப் போனது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நானும். எதற்கென்றே தெரியாமல் இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“நான் உங்களவிட ஒசரமுங்க. உங்கம்மாளுக்கு அதுதான் யோசனைன்னு நெனைக்கறேன்.”

பொய் சொல்லத் தோன்றவில்லை, ஆமாம் என்றேன். உங்களுக்கு என்று கேட்டாள். என் கண்ணுக்கு நேராகத்தான் அவள் கண் இருந்தது. நன்றாகத் தெரிந்தது.

“இந்த வண்டிக்குள்ள உக்காந்துட்டா எல்லாரும் ஒரே ஒசரந்தானுங்க” என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று கழுத்தைப் பார்த்தே தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும், திரும்பலாமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் சூடாகட்டும் என்றாள். வண்டி சூடாகி வெகுநேரமாகியிருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவிடம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். முதல் முறையாக அவளை எதிர்த்துப் பேசப்போகிறேன். வாசலில் நிறுத்தி, எஞ்சினைத் தைரியமாக அணைத்தேன். வேப்பமரத்தடி நாற்காலி காலியாக இருந்தது.

அம்மா குழாயடியில் நின்று வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் நின்று ஏப்பம் விட்டார். நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாகிப் போனது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் காரிலிருந்து நிமிர்ந்து எழுந்துகொண்டிருந்தவளை, காலிலிருந்து தலைவரை, அண்ணாந்து பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவளிடம் போனாள். கட்டைவிரலால் அவள் கன்னத்துக் கரியைத் துடைத்துவிட்டாள்.

“அவனையும் கூட்டீட்டுப் போயி ஒக்காரு கண்ணு” என்றாள். “சாம்பாரு ஆறிப்போகுது.”