பாரித் துறைமுகத்தில் பூண்டு வாசனை

ராணுவத்திலிருந்து திரும்பிய நாள் முதல் அப்பா பூண்டை வீட்டுக்குள் விட்டதில்லை. கருவாடு மணக்கிற வீட்டில் பூண்டுக்கு மட்டும் தடை என்றால் சுங்குவார்சத்திரத்தில் சும்மா விடுவார்களா? "மிலிட்டரிக்காரு சாமியாராயிட்டாரு" என்று சிரித்தார்கள். வெறும் வீம்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

தொண்ணூற்றொன்றில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தேன். பெண் பிறந்தாள், பால் சுரக்கவில்லை. குழந்தை சப்பிச் சப்பி ஓய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுக்காத வீடு உண்டா? அம்மா பக்கத்து வீட்டில் பூண்டுக் குழம்பு வைத்து, தூக்கில் மூடி எடுத்துவந்தாள். திருட்டுத்தனமாகச் சாப்பிட்டேன். மெல்லப் பால் இறங்கியது.

அன்று அப்பா பேத்தியை ஆசையாக வாங்கி, என் பக்கம் குனிந்தார். என் மூச்சில் பூண்டு. குழந்தையை மடியில் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பச்சப் புள்ளய வுட ஒன் வீம்பு பெருசா?" என்று கேட்டேன். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வயல் பக்கம் போய்விட்டார்.

ஆகஸ்டில் ஒரு நாள் டிவி செய்தியில் இத்தாலியின் தெற்குக் கரையைக் காட்டினார்கள். அல்பேனியாவிலிருந்து தப்பி வந்த ஜனம் ஒரு கப்பலில் ஈயாக மொய்த்திருந்தது. அப்பா டிவிக்குக் கிட்டே போய் உட்கார்ந்தார்.

"இது பாரி. ஜெர்மன்காரன் சண்டைல நான் இருந்த ஊரு" என்றார். பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒரு ராத்திரி ஜெர்மன்காரன் பிளேன்ல வந்து குண்டு போட்டான். கப்பலுங்க எரிஞ்சிது. நானும் படப்பைக்காரன் ஒருத்தனும் கடல்ல வுழுந்தோம். தண்ணி பூரா பூண்டு வாசன. எவனோ சமைக்கிறான், இன்னிக்கி நல்ல சோறுன்னான் அவன். சிரிச்சிகினே கரையேறினோம். எனக்கு மாத்துத்துணி கெடச்சிது. அவனுக்குக் கெடைக்கல, ஈரத்தோடவே கம்பளி போத்தி வுட்டாங்க. விடிஞ்சா கண்ணு தெரியல, ஒடம்பு பூரா கொப்புளம். இன்னான்னு டாக்டருக்கே தெரியல. செத்துட்டான். தண்ணில மணந்தது பூண்டு இல்ல, வெஷம். நம்ம ஆளுங்க கப்பல்லியே வெஷ குண்ட ஒளிச்சி வெச்சிருந்தானுங்க. ரொம்ப வருசம் கழிச்சிதான் தெரிஞ்சிது."

என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. "பூண்ட நிறுத்திடறேம்பா" என்றேன்.

"புள்ள இன்னா பண்ணும்? நீ துன்னு."

பாயைச் சுருட்டிக்கொண்டு வயலில் இருந்த பம்புசெட் கொட்டகைக்குப் போய்விட்டார். சோறும் அங்கேதான். சாயங்காலம் வேலிக்கு அந்தப்புறம் நின்று, "பால் குடிச்சிதா?" என்று கேட்பார். குடிச்சிது என்றால் திரும்பிப் போவார்.

நான் புகுந்த வீட்டுக்குப் புறப்பட்டபோது பஸ் ஸ்டாப் வரை வந்தார், ஆனால் ரோட்டின் எதிர்ப்புறமே நின்றுகொண்டார். என் மகள் பால் மறப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு தடவைக்குப் பிறகு அவர் அவளைத் தூக்கவே இல்லை.