கடித்த நாயும் கடிபட்ட டாக்டரும்

கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாப்பில் யாராவது "டாக்டர்" என்று கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்போம். ஒருவர் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர், கோயம்புத்தூர்க்காரர். இன்னொருத்தி நான், கால்நடை மருத்துவர். எங்களோடு வந்த மூன்றாமவள் சுற்றுச்சூழல் படித்தவள், நாகப்பட்டினம் பக்கம். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஊருக்குப் புரியவில்லை. குப்பையும் சாக்கடையுமாகப் பார்த்துக்கொண்டு திரிந்ததால் "குப்பை மேடம்" என்று வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலமும் ஒன்றோடொன்று பின்னியது என்று சொல்லித்தரும் பல்கலைக்கழகப் பயிற்சி அது. வகுப்பில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு மூன்று படிப்புக்காரர்களை ஒரு குழுவாக்கி, ஊருக்குப் போய் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யுங்கள் என்று அனுப்பினார்கள். எங்களுக்குத் திருத்தணி கிடைத்தது. மலையடிவாரத்தில் இரண்டு அறைகள் எடுத்துத் தங்கி, காலையில் டவுன் பஸ் பிடித்துக் கண்டிகைக்குப் போய்விடுவோம். அவர் காய்ச்சல்காரர்களைத் தேடிப் போவார். நான் ஆட்டுப்பட்டிகளுக்குப் போவேன். அவள் ஏரிக்கரைக்குப் போவாள். மாலையில் டீக்கடையில் சந்தித்து அவரவர் கதையைச் சொல்லிக்கொள்வோம். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூணு பேரும் ஒரே பஸ்ல போயிட்டு ஒரே பஸ்ல வர்றீங்க. இதுவரைக்கும் அதுதான் நடந்திருக்கு" என்றார்.

டாக்டருக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே அப்படியாம். தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தால் எனக்கு அந்தப் பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டு நடப்பார். கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததுமே எங்களுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுவிடுவார்கள். நீங்களும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாமே என்று ஒருநாள் கேட்டேன். "நான் நாய்க்குக் கிட்டயே போகப் போறதில்லீங்களே" என்றார்.

அதற்கு அடுத்த வாரம்தான் கடி.

சாலையோரக் கோழிக்கடைகளுக்குப் பின்னால் ஏரிக்கரை. கடைக்காரர்கள் குடலையும் இறகையும் அங்கேதான் கொட்டுவார்கள். மழைத்தண்ணீர் அது வழியாக எங்கே ஓடுகிறது என்று காட்டக் குப்பை மேடம் எங்கள் இருவரையும் அழைத்துப் போயிருந்தாள். வேலிகாத்தான் புதருக்குள்ளிருந்து ஒரு செவலை நாய் எழுந்து வந்தது. முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. உறுமியது. அசையாமல் நில்லுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் ஓட ஆரம்பித்திருந்தார். அது அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு, வந்த வழியே புதருக்குள் போய்விட்டது.

கோழிக்கடைக் குழாயடியில் அவரை உட்காரவைத்து, சோப்புப் போட்டு நானே காலைக் கழுவினேன். கால் மணி நேரமாவது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே ஆட்டோ பிடித்துத் திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையில் தடுப்பூசி, கடிவாயைச் சுற்றி இன்னொரு மருந்து. அந்த இரண்டாவது ஊசிதான் வலி.

மறுநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "எத்தனையோ பேருக்கு 'ஊசி போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போங்க'ன்னு சொல்லியிருக்கேன். அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போறவன் மனசு இப்படி இருக்கும்னு தெரியாமப் போச்சுங்க" என்றார்.

நாய் பத்து நாள் நல்லபடியாக இருந்துவிட்டால், கடித்த அன்று அதற்கு வெறிநோய் இல்லை என்று அர்த்தம், கவலையே வேண்டாம் என்றேன். இதுவும் அவருக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு இட்லி உள்ளே போனது.

நாயைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். அன்று கிருத்திகை. மலைக்கு வருகிற கூட்டத்தில் பஸ்ஸில் காலை வைக்க முடியவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கோழிக்கடை வாசலில் நாலைந்து இளைஞர்கள் தடியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஊருக்கு வந்த டாக்டரையே கட்ச்சிட்சே சார். அத்த இன்னிக்கி அட்ச்சிட்டுதான் மறுவேல" என்றான் ஒருவன். டாக்டருக்காகக் கோபப்படுகிற முகம்தான் அது.

டாக்டர் நொண்டிக்கொண்டே போய் அவர்களுக்கு முன்னால் நின்றார். "அந்த நாய் உயிரோட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. தயவு செஞ்சு அதைத் தொடாதீங்க. நான் தினமும் வந்து பார்க்கணும்."

கடித்த நாய்க்காகக் கடிபட்டவரே கெஞ்சுவதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. வெறிபிடித்த நாய் சில நாளுக்குள் செத்துப்போய்விடும், அதனால்தான் உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் விளக்கினேன். தடிகள் மெதுவாகத் தாழ்ந்தன.

ஆனால் பார்ப்பதற்கு நாய் வேண்டுமே. தன் கடைக்குப் பின்னால் டாக்டரை நாய் கடித்துவிட்டது என்ற வெட்கத்தில் கோழிக்கடைக்காரர் விடிந்ததும் ஜேசிபி வைத்துக் கரையை வழித்துவிட்டிருந்தார். "எங்க நைனா காலத்துலேர்ந்து அங்கதான் கொட்டிகினு இருந்தோம். இனிமே கொட்ட மாட்டோம்மா" என்றார். கழிவும் இல்லை, புதரும் இல்லை, நாயும் இல்லை. வந்த நாளிலிருந்து அந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தவள் குப்பை மேடம். பளிச்சென்று கிடந்த கரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாள் கழிச்சுச் செஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள். சிரிக்கிற நேரமில்லை என்றாலும் டாக்டரே சிரித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த நாயின் வயிறு கண்ணுக்குள் வந்தது. மடிக்காம்புகள் பால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. குட்டி போட்ட நாய். அதனால்தான் பாய்ந்திருக்கிறது. குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு அது வெகுதூரம் போயிருக்காது, பக்கத்தில் தீனி கிடைக்கிற இடமாகப் பார்த்துத்தான் போயிருக்கும் என்றேன். அந்த மாதிரி இடங்கள் எல்லாமே குப்பை மேடத்துக்கு அத்துப்படி. முதலில் மாவு மில் பக்கம் கூட்டிப்போனாள். இல்லை. கல்யாண மண்டபத்தின் பின்புறம். அங்கேயும் இல்லை. பரோட்டாக் கடையைத் தாண்டி ஒரு சிறுபாலம். அடியில் போட்டிருந்த சிமெண்ட் குழாயை டாக்டர்தான் முதலில் குனிந்து பார்த்தார்.

"வெள்ளைக் கால்" என்றார் மெதுவாக.

நாய் தலையைத் தூக்கியது. மடியில் குட்டிகள் முண்டிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை அவர் ஓடவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, பார்வையைத் தரையில் வைத்து, நான் சொல்லித்தந்தபடியே நின்றார். நாய் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் கீழே போட்டுக்கொண்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் முதல் வேலை சிறுபாலம்தான். சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா என்று நான் பார்ப்பேன். டாக்டர் தள்ளி நின்று என் முகத்தைப் பார்ப்பார். டீக்கடைக்கார அக்கா ஒரு கிண்ணத்தில் பால்சோறு கொண்டுவந்து வைப்பார். நாயிடம் அவர் தெலுங்கில்தான் பேசுவார். என்ன சொல்கிறீர்கள் என்று டாக்டர் ஒருநாள் கேட்டார்.

"இன்னா சொல்லுவேன்? அந்த சாரு உனக்காகத்தான் வந்துகினு கீறாரு, உறுமாதேன்னு சொன்னேன்."

நாள்கள் கடந்தன. நாய் குண்டாகத்தான் ஆனது. பத்து நாள் கெடு முடிந்த காலையில், போதும், இனி பயமில்லை என்று நான் சொன்னதும் டாக்டர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தார். நாய் கடித்ததையே அப்போதுதான் வீட்டில் சொன்னார்.

பேராசிரியை நேரில் வந்தபோது நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் பேசினோம். கோழிக்கழிவு நாய்களை எங்கே சேர்க்கிறது என்று நான் சொன்னேன். கடிவாயை எப்படிக் கழுவ வேண்டும் என்று குப்பை மேடம் சொன்னாள். குட்டி போட்ட நாயின் குணத்தைப் பற்றி டாக்டர் சொன்னார். பேராசிரியை யாரையும் நிறுத்தவில்லை.

ஊர் நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி முகாம் நடத்தினோம். டாக்டர் கடிபட்ட கதை அதற்குள் ஆர்.கே.பேட்டை வரை போயிருந்ததால் நல்ல கூட்டம். கயிற்றில், கோணிப்பையில், இடுப்பில் என்று நாய்கள் வந்தன. கழிவுக்காகக் கோழிக்கடைக்காரர்கள் மூடி போட்ட குழி வெட்டியிருந்தார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் இன்னமும் ஏரிக்கரைக்கே போய்க்கொண்டிருந்தார். குப்பை மேடம் அவரை விடாமல் துரத்திக்கொண்டிருந்தாள்.

நாய்களுக்கு நான் ஊசி போட, அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு டாக்டர் பக்கத்து மேஜையில் ரத்த அழுத்தம் பார்த்தார். ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்கள் நாய்க்காக வந்திருந்தார்கள். வெள்ளைக்கால் நாயைத் தூக்கிக்கொண்டு வந்த டீக்கடை அக்காவுக்கு அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. டாக்டர் கையோடு அழைத்துப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார், உப்பைக் குறைக்கவும் சொன்னார்.

மறுநாள் டீயை எங்கள் கையில் கொடுத்துக்கொண்டே அக்கா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தார். "நாய்க்கு ஊசி போட இட்டுகினு போனா, எனக்கு ஊறுகாய நிறுத்திட்டாருப்பா இந்த சாரு."